விண்டேஜ் காரின் ஆயில் ஃபில்டர்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பழைய காருக்கு ஆயில் ஃபில்டர் தேடுகிறவர்கள் பெரும்பாலும் மாடல் பெயரையும் வருடத்தையும் சொல்லித்தான் கேட்கிறார்கள். பாதிக் கோளாறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஐம்பது, அறுபது வருடம் ஓடிய காரில் இன்ஜினே மாறியிருக்கலாம். இன்ஜின் மாறாவிட்டாலும் ஃபில்டர் உட்காரும் ஹெட் மாறியிருக்கலாம். நடுவில் யாராவது வேறு வகை ஃபில்டர் மாட்ட அடாப்டர் போட்டிருக்கலாம். அதனால் காரின் பெயரை நம்பாமல், இன்ஜினில் இப்போது என்ன இருக்கிறதோ அதை அளந்து வாங்க வேண்டும். காலத்துக்குப் பொருத்தமாக இருக்க வேண்டியது வெளித்தோற்றம். உள்ளே இருக்கும் மரை, சீல், வால்வு மூன்றும் இன்ஜினுக்குப் பொருந்தியாக வேண்டும்.

எந்த வகை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஃபில்டர் டப்பா இன்ஜினை விட்டுத் தள்ளி நின்று, பென்சில் பருமனில் இரண்டு குழாய்கள் மட்டும் அதற்குப் போனால் அது பைபாஸ் வகை. பம்ப் தள்ளும் எண்ணெயில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அதன் வழியாகப் போய் வடிகட்டப்பட்டு சம்புக்கு (இன்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி) திரும்பும்; மீதி நேராக பேரிங்குகளுக்குப் போய்விடும். டப்பா நேரடியாக பிளாக்கிலோ, பிளாக்கோடு போல்ட் செய்த ஹெட்டிலோ உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் அது ஃபுல் ஃப்ளோ. அதில் பேரிங்குக்குப் போகும் எண்ணெய் முழுவதும் ஃபில்டரைத் தாண்டித்தான் போக வேண்டும். ஃபுல் ஃப்ளோவில் இரண்டு விதம் உண்டு: நடு போல்ட்டைக் கழற்றி உள்ளே எலிமென்ட் (வடிகட்டும் பகுதி) மட்டும் மாற்றும் கேனிஸ்டர், டப்பாவோடு சுற்றி மாற்றும் ஸ்பின்-ஆன். ஸ்பின்-ஆன் வகையை விக்ஸ் நிறுவனம் 1954-இல் கொண்டுவந்தது. 1940-களின் காரில் ஸ்பின்-ஆன் தொங்கினால் அது பின்னாளில் யாரோ செய்த மாற்றம் என்று தயங்காமல் சொல்லலாம்.

எந்தக் கேட்டலாக்கிலும் ஃபில்டர் எண்ணே இல்லை

அந்த இன்ஜினுக்கு ஃபில்டரே கிடையாதோ என்று பாருங்கள். மாற்றக்கூடிய ஆயில் ஃபில்டர் 1920-களில்தான் கார்களுக்கு வந்தது. பியூரொலேட்டர் என்ற ஃபில்டர் 1923-இல் அறிமுகமானது, 1924-இல் கிரைஸ்லர் தன் காரோடு ஃபில்டர் கொடுத்தது. அதற்குப் பிறகும் பல கம்பெனிகள் கொடுக்கவில்லை. ஃபோர்டு மாடல் ஏ-க்கு ஃபில்டர் இல்லை. ஏர்-கூல்டு ஃபோக்ஸ்வேகன் பீட்டிலுக்குக் கம்பி வலை சல்லடை மட்டும்தான். பழைய ஃபியட் 500-இல் எண்ணெயைச் சுழற்றி அழுக்கை ஒதுக்கும் அமைப்பு கிராங்க் புல்லிக்குள்ளேயே இருக்கிறது. அதற்குக் காகித எலிமென்ட் தேடினால் கிடைக்காது, புல்லியைத் திறந்து வழித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். செவ்ரலேயின் 1955-ஆம் வருட 265 கன அங்குல வி8 பிளாக்கில் ஃபில்டர் மாட்ட இடமே கிடையாது. வேண்டியவர்களுக்குத் தனியாக பைபாஸ் டப்பா கொடுத்தார்கள். 1956-இலிருந்துதான் பிளாக்கிலேயே இடம் வந்தது. 55-ஆம் வருட காருக்கு 56-இன் ஃபில்டர் எண்ணைச் சொல்லி வாங்குவது அடிக்கடி நடக்கிற தவறு.

பீட்டில் சல்லடையைக் கழற்றும்போது இரண்டு காகித கேஸ்கெட், ஆறு நட்டு, ஆறு செம்பு வாஷர் எல்லாமே புதிதாகப் போடுங்கள். நட்டுக்கு 7 நியூட்டன் மீட்டர் போதும். கசிகிறதே என்று அதற்கு மேல் இறுக்கினால் தட்டு வளைந்து முன்னைவிட அதிகமாகக் கசியும், நட்டு ஏறும் மரைத் தண்டான ஸ்டட்டும் பிடுங்கிக்கொண்டு வரும். ஃபில்டர் இல்லாத இன்ஜினுக்கு 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுவதுதான் ஃபில்டர்.

ஃபில்டர் சுற்றுகிறது, ஆனால் ஆடுகிறது. அல்லது இரண்டு சுற்றில் இறுகிவிடுகிறது

இருக்கிற கோளாறுகளிலேயே ஆபத்தானது இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பழைய கார்களின் ஸ்பின்-ஆன் ஸ்டட்டில் (ஃபில்டர் ஏறும் மரைத் தண்டு) அடிக்கடி வருகிற மூன்று மரைகள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமானவை. ஃபோர்டிலும் பல பிரிட்டிஷ் இன்ஜின்களிலும் வருவது 3/4 அங்குலம், அங்குலத்துக்கு 16 மரை. வெளி விட்டம் 19.05 மி.மீ. ஜெனரல் மோட்டார்ஸ் வி8-களில் 13/16 அங்குலம், அதுவும் 16 மரை, விட்டம் 20.64 மி.மீ. ஐரோப்பிய, ஜப்பானியக் கார்களில் எம்20, 1.5 மி.மீ. பிட்ச் (அடுத்தடுத்த மரைகளுக்கு இடையே உள்ள தூரம்), விட்டம் 20 மி.மீ. அங்குலத்துக்கு 16 மரை என்றால் பிட்ச் 1.5875 மி.மீ. கண்ணால் பார்த்து 1.5-இலிருந்து பிரிக்கவே முடியாது.

எம்20 ஃபில்டரை 3/4 ஸ்டட்டில் போட்டால் சுற்றும், கேஸ்கெட்டைத் தொடும், கைக்கு இறுகியது போலவும் இருக்கும். ஆனால் மரையின் நுனி மட்டும்தான் ஒன்றை ஒன்று பிடித்திருக்கும். குளிர்ந்த எண்ணெயில் இன்ஜினை முடுக்கியதும் ஃபில்டர் கழன்று விழும், சம்பில் உள்ள எண்ணெய் முழுவதும் சில நொடிகளில் தரைக்கு வந்துவிடும். 13/16 ஃபில்டரை 3/4 ஸ்டட்டில் வைத்தால் பெரும்பாலும் சுற்றாமலே உள்ளே வழுக்கும். அது ஒருவகையில் நல்லது, உடனே தெரிந்துவிடுகிறது.

சோதனை இப்படி:

1. ஸ்டட்டைத் துடைத்து வெர்னியரால் வெளி விட்டம் அளக்கவும். தேய்ந்த ஸ்டட் 0.1 முதல் 0.2 மி.மீ. குறைவாகக் காட்டும், 19-ஆ, 20-ஆ, 20.6-ஆ என்பது அப்போதும் தெளிவாகத் தெரியும்.
2. பிட்ச் கேஜ் வைத்து வெளிச்சத்தில் பார்க்கவும். கேஜ் இல்லையென்றால் எட்டு மரையின் நீளத்தை அளக்கவும்: 12.7 மி.மீ. வந்தால் அங்குல மரை, 12.0 வந்தால் மெட்ரிக்.
3. புது ஃபில்டரைக் கேஸ்கெட் எடுத்துவிட்டு, ஸ்டட்டில் பாதி வரை சுற்றி, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். சரியான மரையில் லேசான அசைவு இருக்கும். நேராக முன்னும் பின்னும் இழுத்தால் 'டக்' என்று நகர்கிறது என்றால் அந்த ஃபில்டர் உங்களுக்கு வேண்டாம்.

மரை சரியாக இருந்தும் சீக்கிரம் இறுகினால், ஸ்டட் நீளமாக இருந்து ஃபில்டரின் உள்ளே நடுக்குழாயில் முட்டுகிறது என்று அர்த்தம். கேஸ்கெட் அமுங்குவதற்கு முன்பே இறுகிவிட்டதால் கசியும். அடாப்டர் போட்ட இன்ஜின்களில் இது சகஜம். ஃபில்டரின் நடுத்துளையின் ஆழத்தை ஒரு கம்பியால் அளந்து, ஸ்டட் வெளியே நீட்டியிருக்கும் நீளத்தோடு ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும்.

கேஸ்கெட்டின் உள், வெளி விட்டத்தையும் ஹெட்டில் உள்ள கடைந்த முகத்தோடு ஒப்பிடுங்கள். அந்த வளையம் முழுக்க முழுக்கச் சமதளத்தில் உட்கார வேண்டும். ஓரத்தில் 1 மி.மீ. வெளியே தொங்கினாலும் அந்த இடம் பிரஷரில் பிதுங்கும். டப்பாவின் உயரம் கடைசி விஷயம்: ஸ்டீயரிங் ராட், எக்ஸாஸ்ட் குழாய், சேசிஸ் இவற்றிலிருந்து விரல் நுழையும் இடைவெளியாவது வேண்டும், ஏனென்றால் இன்ஜின் மவுண்டில் ஆடும்.

மாட்டிய முதல் நிமிடத்திலேயே கசிவு

ஸ்பின்-ஆன் என்றால் பழைய கேஸ்கெட் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டதா என்று பாருங்கள். கழற்றிய ஃபில்டரில் கேஸ்கெட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் புதியதைக் கையில் எடுக்க வேண்டும். இரண்டு கேஸ்கெட் மேலே மேலே இருந்தால் ஐடிலிங்கில் தாங்கும், வேகம் எடுத்ததும் பிதுங்கும். புது கேஸ்கெட்டில் எண்ணெய் தடவி, அது முகத்தைத் தொட்ட பிறகு முக்கால் சுற்று கையால் இறுக்கினால் போதும்.

கேனிஸ்டர் வகையில் ரப்பர் வளையம் ஹெட்டின் பள்ளத்துக்குள் உட்காரும். பல வருடம் சூட்டில் வெந்த பழைய வளையம் கறுத்து, கல்லாகி, பள்ளத்தின் அடியோடு சமமாக நிற்கும். விரலால் தடவினால் இரும்பு என்றே தோன்றும். அதன் மேலேயே புது வளையத்தை வைத்து மூடுகிறார்கள். கூர் மழுங்கிய ஊசியை ஓரிடத்தில் குத்திப் பாருங்கள். ரப்பர் என்றால் நுனி இறங்கும், துகள் உதிரும். முழுதாக எடுத்த பிறகு பள்ளத்தின் அடி பளிச்சென்ற உலோகமாகத் தெரிய வேண்டும். அலுமினிய ஹெட் என்றால் கீறிவிடாமல் எடுக்கவும்.

எலிமென்ட் பெட்டியில் இரண்டு மூன்று வளையங்கள் சேர்ந்து வருவதும் குழப்பும். எல்லாம் உங்கள் காருக்கல்ல. பல இன்ஜின்களுக்கு ஒரே எலிமென்ட் போவதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வளையம் வைக்கிறார்கள். இழுக்காமல், மடிக்காமல் பள்ளத்தில் தானாக உட்கார்வது எதுவோ அது. பழைய வளையத்தின் குறுக்கு வெட்டு சதுரமாக இருந்தால் உருண்டை வளையம் போடாதீர்கள்.

வளையம் சரி, ஆனாலும் கசிகிறதா? கேனிஸ்டரின் வாயைக் கண்ணாடித் தட்டின் மேல் கவிழ்த்து வையுங்கள். எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே நெளிவு. சொட்டு கேனிஸ்டரின் அடியில், போல்ட் தலையில் இருந்து வருகிறது என்றால் போல்ட் வாஷரும், போல்ட்டுக்கும் டப்பாவுக்கும் நடுவில் உள்ள சிறிய சீலும் மாற்ற வேண்டும். நடு போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்பதை வொர்க்‌ஷாப் மேனுவலில் பாருங்கள். பல பிரிட்டிஷ் இன்ஜின்களில் அது 20 நியூட்டன் மீட்டர் அளவுதான். இறுக்கினால் கசிவு நிற்கும் என்று நினைத்துத் திருகுவதால்தான் ஹெட்டில் மரை போகிறது.

புது ஃபில்டர் போட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் ஒருவர் கீழே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஐடிலிங்கில் ஒரு நிமிடம், பிறகு 2,000 ஆர்.பி.எம்.மில் ஒரு நிமிடம். ஃபுல் ஃப்ளோவில் சீல் விட்டுவிட்டால் டேஷ்போர்டில் லைட் எரிவதற்குள் பாதி எண்ணெய் போயிருக்கும்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் தடதடப்பு, ஆயில் லைட் தாமதமாக அணைகிறது

ஃபில்டர் படுக்கையாகவோ தலைகீழாகவோ, அதாவது திறந்த வாய் கீழ்நோக்கி இருக்கும்படி, மாட்டப்பட்டிருந்தால் ராத்திரியில் எண்ணெய் வடிந்துவிடும். அதைத் தடுக்க ஃபில்டருக்குள் எண்ணெயைத் திரும்ப விடாத ரப்பர் மடிப்பு வால்வு வேண்டும். பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபி-யின் தலைகீழ் ஃபில்டர் இதற்குப் பெயர் போனது. மரையும் உயரமும் பொருந்திய ஃபில்டரைத் தேடி வாங்குகிறார்கள், இந்த வால்வு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. ஃபில்டரின் ஓரத் துளைகள் வழியாகப் பார்த்தால் ரப்பர் மடிப்பு தெரியும். குச்சியால் லேசாகத் தள்ளினால் வளைய வேண்டும். கறுப்பு நைட்ரைல் ரப்பர் நாளாக ஆக விறைத்துவிடும், சிலிகான் நீண்ட நாள் தாங்கும்.

உறுதி செய்ய, ராத்திரி முழுக்க நின்ற காரின் ஃபில்டரைக் காலையில் ஸ்டார்ட் செய்யாமல் கழற்றுங்கள். ஏறக்குறைய காலியாக இருந்தால் வால்வுதான் காரணம். நிறைந்திருந்தால் ஃபில்டரைக் குற்றம் சொல்லாதீர்கள். பம்ப் தேய்மானம், சம்பிலிருந்து எண்ணெய் உறிஞ்சும் பிக்-அப் குழாய் இணைப்பில் காற்று, பேரிங் தேய்மானம் என்று தேடல் வேறு பக்கம் போக வேண்டும். மாதக்கணக்கில் நின்ற கார் சில நொடி தடதடப்பது இயல்புதான்.

ஃபில்டர் மாற்றிய பிறகு ஆயில் பிரஷர் குறைந்துவிட்டது

பைபாஸ் வகையில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கட்டுப்பாட்டுத் துளை. டப்பாவுக்குப் போகும் இணைப்பிலோ டப்பாவின் நடுத் தண்டிலோ ஏறக்குறைய 1.5 மி.மீ. விட்டத்தில் ஒரு சிறு துளை இருக்கும். எண்ணெய் முழுவதும் அந்தப் பக்கம் ஓடிவிடாமல் தடுப்பது அதுதான். பழைய இணைப்பை எறிந்துவிட்டுப் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் சாதாரணப் பித்தளை இணைப்பைப் போட்டால் துளை போய்விடும்; எண்ணெய் திறந்த குழாய் வழியாக சம்புக்கே திரும்பும். ஃபில்டர் லைனைத் தற்காலிகமாக பிளக் போட்டு அடைத்து, சூடான இன்ஜினை ஐடிலிங்கில் ஓட விடுங்கள். பிரஷர் நன்றாக ஏறினால் துளை காணாமல் போயிருக்கிறது. கொஞ்சமும் ஏறவில்லை என்றால் ஃபில்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஃபுல் ஃப்ளோவில் கதை வேறு. பைபாஸுக்காகச் செய்த அடர்த்தியான எலிமென்ட், உயரமும் விட்டமும் பொருந்துகிறது என்பதற்காக ஃபுல் ஃப்ளோ டப்பாவில் போகக் கூடாது. அவ்வளவு எண்ணெயை அது விடாது. அப்போது காப்பாற்ற வேண்டியது உள் பைபாஸ் வால்வு; எலிமென்ட்டின் இரு பக்கத்துக்கும் இடையே வித்தியாசம் பொதுவாக 8 முதல் 16 பி.எஸ்.ஐ. ஆகும்போது அது திறந்து, வடிகட்டாத எண்ணெயையாவது பேரிங்குக்கு அனுப்பும். இந்த வால்வு சில இன்ஜின்களில் பிளாக்கிலோ ஹெட்டிலோ இருக்கும், செவ்ரலே ஸ்மால்-பிளாக் அப்படி. சிலவற்றில் ஃபில்டருக்குள்ளேயே இருக்கும், ஃபோர்டு வி8 அப்படி. பிளாக்கில் வால்வு இல்லாத இன்ஜினுக்கு வால்வு இல்லாத ஃபில்டர் போட்டால் குளிர்ந்த கெட்டி எண்ணெயில் எலிமென்ட் நசுங்கும், இல்லையென்றால் பேரிங் பட்டினி கிடக்கும். மரை ஒன்றாக இருப்பதால் இந்தத் தவறு கடைசிவரை கண்ணில் படாது.

பிரஷர் கேஜின் இணைப்பு ஃபில்டருக்கு முன்னா பின்னா என்பதையும் கண்டுபிடியுங்கள். முன்னால் என்றால் அடைத்த ஃபில்டரிலும் முள் நன்றாகத்தான் நிற்கும்.

டப்பா ஊதிவிட்டது, கேஸ்கெட் வெளியே பிதுங்கியது

ஃபில்டர் மட்டமானது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெரும்பாலும், மிகுதிப் பிரஷரை வெளியே விடும் பம்ப்பின் பிரஷர் ரிலீஃப் வால்வு மூடிய நிலையில் சிக்கியிருக்கும். அதைக் கவனிக்காமல் மாட்டும் அடுத்த ஃபில்டரும் ஊதும். அந்த வால்வில் நகரும் பிளஞ்சரைக் கழற்றி, துளைக்குள் தன் எடையிலேயே வழுக்குகிறதா என்று பாருங்கள். வார்னிஷ் (வெந்து ஒட்டிய எண்ணெய்ப் படலம்) படிந்திருந்தால் துடைத்து, மிக நுண்ணிய தாளால் மெருகேற்றவும். ஸ்பிரிங்கின் நீளத்தை மேனுவலோடு ஒப்பிடவும். பிரஷர் ஏற்றுவதற்காக ஸ்பிரிங்கை இழுத்து நீட்டுவதும், அடியில் வாஷர் வைப்பதும் இந்தக் கோளாறை வரவழைக்கும் வேலை.

எண்ணெய் கறுக்கிறது, எலிமென்ட் மட்டும் புதுசாகவே இருக்கிறது

கேனிஸ்டருக்குள் எண்ணெய் எலிமென்ட்டைச் சுற்றிக்கொண்டு போகிறது. எலிமென்ட்டின் இரு முனையும் மூடப்பட்டிருந்தால்தான் எண்ணெய் காகிதம் வழியாகப் போகும். பல பிரிட்டிஷ் டப்பாக்களில் போல்ட்டின் மேல் அடியிலிருந்து வரிசையாக ஸ்பிரிங், இரும்பு வாஷர், ஃபெல்ட் அல்லது ரப்பர் சீல், எலிமென்ட்டைத் தாங்கும் தட்டு, அதை நிறுத்தும் கிளிப் என்று இருக்கும். ஃபெல்ட் சீலும் இரும்பு வாஷரும் பழைய எலிமென்ட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போய்விடுவது வழக்கம். பழைய எலிமென்ட்டை எறிவதற்கு முன் அடியைத் தடவிப் பாருங்கள். மூடும் முன் எலிமென்ட்டைக் கையால் அழுத்துங்கள்: ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ள வேண்டும். தொளதொளவென்று இருந்தால் ஏதோ ஒன்று குறைகிறது.

பைபாஸ் வகையில் சோதனை இன்னும் எளிது. இருபது நிமிடம் ஓட்டிய பிறகு டப்பாவைத் தொட்டுப் பாருங்கள். இன்ஜின் சூடாக இருந்து டப்பா ஜில்லென்று இருந்தால் உள்ளே எண்ணெய் ஓடவில்லை: எலிமென்ட் அடைத்திருக்கிறது, அல்லது அந்தச் சிறு துளையில் கசடு. இந்த வகையில் அடைப்பு வந்தாலும் இன்ஜின் எந்தக் குறையும் காட்டாமல் ஓடும் என்பதால் வருடக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை.

புது எலிமென்ட் போட்டும் சில நூறு கிலோமீட்டரிலேயே அடைத்தால் எண்ணெயைச் சந்தேகப்படுங்கள். டிடர்ஜென்ட் (கசடைக் கரைக்கும் சேர்மானம்) இல்லாத எண்ணெயில் நெடுநாள் ஓடிய இன்ஜினுக்கு டிடர்ஜென்ட் எண்ணெய் ஊற்றினால், படிந்திருந்த கசடு கரைந்து எல்லாம் ஃபில்டருக்கும் பிக்-அப் வலைக்கும் வந்து சேரும். சம்பைக் கழற்றி வழித்துவிட்டு மாறுவதே உத்தமம். முடியாதென்றால் முதல் 500 கிலோமீட்டரிலேயே எண்ணெயையும் எலிமென்ட்டையும் மாற்றுங்கள்.

எண்ணெயில் காகிதத் துணுக்கு, பசைத் துண்டு

பெட்டி பிரிக்காத பழைய சரக்கை மாட்டி ஓட்டியிருக்கிறீர்கள். நாற்பது வருடம் கிடந்த ஃபில்டரில் காகிதம் நொறுங்கும், முனைகளை ஒட்டிய பசை விட்டுவிடும், டப்பாவின் உட்புறம் துருவேறியிருக்கும். அந்தக் காலத்து முத்திரையும் நிறமும் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது அலமாரிக்கு. கண்காட்சியில் நிற்கும்போது வேண்டுமானால் மாட்டலாம், இன்ஜினை ஓட விடக் கூடாது.

கேனிஸ்டர் கார்க்காரர்களுக்கு இதில் கவலையே இல்லை: டப்பா அந்தக் காலத்தது, எலிமென்ட் இன்றையது, வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஸ்பின்-ஆன் அடாப்டர் போடுகிறவர்கள் பழைய டப்பா, போல்ட், ஸ்பிரிங் அனைத்தையும் ஒரே பையில் கட்டி வைக்க வேண்டும். பிற்பாடு தனித்தனியாகத் தேடினால் அந்தச் சிறு தட்டுகள்தான் கிடைக்காது. ஸ்பின்-ஆன் காருக்கு, மரை, வால்வு, கேஸ்கெட், உயரம் நான்கும் பொருந்தும் புது ஃபில்டரை வாங்கி நிறம் மாற்றிக்கொள்ளலாம். வாயைப் பிளாஸ்டிக் மூடியால் அடைத்து, மேல் பெயின்ட்டை ஈரமான மெல்லிய தாளால் தேய்த்து, அந்த வருட விற்பனைப் படங்களில் உள்ள நிறத்தை மெல்லிய இரண்டு பூச்சாக அடிக்கவும். பெயின்ட் ரிமூவர் வேண்டாம், அடுப்பிலும் ஹீட்டரிலும் காய வைக்க வேண்டாம். இரண்டுமே ரப்பரைக் கெடுக்கும். கேஸ்கெட் உட்காரும் ஓரத்தில் பெயின்ட் படக் கூடாது. மாட்டியிருக்கும் புது ஃபில்டரின் பார்ட் எண்ணை டப்பாவின் அடியில் எழுதி வையுங்கள், அடுத்து மாற்றுகிறவர் மேலே ஒட்டிய பழைய முத்திரையின் எண்ணைப் பார்த்துத் தவறாக வாங்கிவிடாமல் இருக்க.